நலம் தேடி வருகிறவர்கள்

மாணவர்களே, சனி, ஞாயிறுகளில் பாலிக் புலாவ் வயலோரச் சாலைகளில் சைக்கிளோட்டிகளைப் பார்க்கலாம். மலைக்கு அந்தப் பக்கம், ஜார்ஜ் டவுன் மருத்துவமனைகளுக்கோ சுமத்திராவிலிருந்து விமானமேறி வருகிறார்கள். எல்லாரும் நலம் நாடி வந்தவர்கள்தாம். ஆனால் ஒரே வகையினர் அல்லர்.

நோயைக் குணப்படுத்த வருவது மருத்துவப் பயணம். நோய் வராமல் காக்கவும் மனம் இளைப்பாறவும் போவது நலவாழ்வுப் பயணம். இதிலும் இரு பிரிவு உண்டு. யோகா முகாமுக்கென்றே கிளம்புகிறவர் முதல்நிலைப் பயணி. உறவினர் திருமணத்துக்கு வந்த இடத்தில் காலையில் மலையேறிவிட்டுப் போகிறவர் இரண்டாம்நிலைப் பயணி. உலக அளவில் இரண்டாம் வகையினரே மிக அதிகம்.

நம் கொடிமலையின் கதையும் இதுதான். ஆங்கிலேயர் காலத்தில் காய்ச்சலில் இளைத்தவர்களை உடல் தேற மேலே அனுப்பினார்கள். மலேரியா கெட்ட காற்றால் வருகிறது என்று அன்று நம்பினார்கள். (பினாங்கில் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டே 1794இல் மலேரியாவால் இறந்தார்.) கொசுவின் உடலில் அதன் கிருமியை ரொனால்டு ராஸ் கண்டது 1897இல்தான். காரணம் தவறு, ஆனால் கிடைத்த குளிர்ச்சி உண்மை. 100 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் சராசரியாக 0.65 டிகிரி செல்சியஸ் குறையும். உச்சி 833 மீட்டர் என்றால் எவ்வளவு? ஏறக்குறைய 5.4 டிகிரி! 1923இல் மலை ரயில் ஓடத் தொடங்கியபின் நோயாளிகளைவிட உல்லாசப் பயணிகளே பெருகினார்கள்.

இன்று ‘காட்டுக் குளியல்’ என்கிறார்கள். சோப்பும் துண்டும் வேண்டாம். மரங்களிடையே மெதுவாக நடந்தால் போதும். 1982இல் ஜப்பான் வனத்துறை இட்ட பெயர் இது. பலன் உண்டா? ஒரு குழுவைக் காட்டிலும் இன்னொரு குழுவை நகரத் தெருவிலும் ஒரே அளவு நேரம் நடக்கவிட்டு, உமிழ்நீரில் கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோனை அளக்கிறார்கள். காட்டில் நடந்தவர்களிடம் அது குறைந்திருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டின. நகரக் குழு எதற்கு? அது இல்லாவிட்டால் பலன் மரத்தாலா, வெறும் நடையாலா என்று பிரித்தறிய முடியாது.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. மருந்துச் சோதனையில் மருந்தில்லாத மாத்திரையைக் கொடுத்து, யாருக்கு எது என்று சொல்லாமல் மறைக்கலாம். காட்டை எப்படி மறைப்பது? யோசித்து, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.