டெபாசிஷனில் ஏறாத சிரிப்பு

வக்கீல் குமாஸ்தாவுக்குக் கதை படிக்க ஏது நேரம் என்று கேட்பவர்கள் கோர்ட் வராந்தாவில் காத்திருந்து பழகாதவர்கள். சித்தன்னவாசலிலிருந்து காலையில் பஸ் பிடித்துப் புதுக்கோட்டை போய், கேஸ் கட்டைக் கொடுத்துவிட்டு, டவாலி நம்ம கேஸைக் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கூப்பிட்டதும் பெரும்பாலும் வாய்தாதான். தேவனையும் சுஜாதாவையும் நான் படித்ததெல்லாம் அந்த வராந்தாவில்தான். கொலை வழக்கைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் கோர்ட் கதைகள் ஏன் இப்படிப் பிடிக்கின்றன என்று அங்கேயே யோசித்தும் இருக்கிறேன்.

எங்கள் பக்கத்து ஆடு திருட்டு வழக்கு ஒன்று. ஆட்டுக்குச் சொந்தக்காரப் பாட்டி கூண்டில் நிற்கிறார். காதில் இருந்த வெட்டுக்குறியை வைத்துத் தன் ஆடுதான் என்று அடையாளம் காட்டியிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

“ஊருல எல்லா ஆட்டுக்கும்தானே காது வெட்டுறீங்க?”

“ஆமாங்கய்யா.”

“அப்ப இது உங்க ஆடுதான்னு எப்படிச் சொல்றீங்க?”

“மத்த ஆட்டுக்கெல்லாம் எம் மருமக வெட்டுனா, கோணலா இருக்கும். இது நான் வெட்டுனதுங்கய்யா.”

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி ஐயாவுக்கும் சிரிப்பு வந்து, தலையைக் குனிந்துகொண்டார். வக்கீல் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்காதே என்று எந்த சீனியரும் ஜூனியருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பார். அவர் ‘எப்படி’ என்று கேட்டதுதான் வினை.

அன்று சாயங்காலம், சாட்சி சொன்னதைப் பதிவுசெய்த டெபாசிஷனைப் பார்த்தேன். நம்ம கோர்ட்டுகளில் கேள்வியும் பதிலுமாக அப்படியே எழுதுவது அபூர்வம். ஐயா சொல்லச் சொல்ல, சாட்சியே பேசுவதுபோல டைப் ஆகும்: ‘ஊரில் எல்லா ஆடுகளுக்கும் காது வெட்டுவார்கள் என்றால் சரிதான்.’ கோணல் காதும் மருமகளும் ‘நான் வெட்டிய குறியை வைத்து அடையாளம் தெரியும்’ என்ற ஒரு வரிக்குள் அடங்கிவிட்டார்கள். அப்பீல் கேட்கும் நீதிபதிக்கு அந்த வரிதான் கிடைக்கும், பாட்டி கிடைக்கமாட்டார். கோர்ட் கதை எழுதுகிறவர் அந்தப் பாட்டியை நமக்குத் திருப்பிக் கொடுக்கிறார். இந்த வகைக் கதையின் ருசியே இதுதான் என்பது என் கட்சி.

சட்டமும் இந்த வேடிக்கைக்கு இடம் கொடுத்திருக்கிறது. தன் சாட்சியிடம் பதிலைத் தூண்டும் கேள்வியை வக்கீல் இஷ்டத்துக்குக் கேட்க முடியாது. எதிர்த்தரப்பு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது கேட்கலாம். 1872 சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதுச் சட்டத்திலும் தொடர்கிறது. அதனால்தான் முதல் விசாரணை மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் இருக்கிறது, குறுக்கு விசாரணையில் சூடு பிறக்கிறது. சினிமா இதை வசனமாக்கியது. ‘விதி’ படம் 1984-இல் வந்தபோது அதன் கோர்ட் வசன கேசட் ஒலிக்காத டீக்கடை இல்லை. ஆனால் அது கண்ணீர். நான் சொல்வது சிரிப்பு.

சிரிப்பு என்றால் தேவன். ஆனந்த விகடனின் நிர்வாக ஆசிரியராக இருந்தவர், 1957-இல் 43 வயதில் இறந்துபோனார். அவர் எழுதிய துப்பறியும் சாம்புவைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட அவருடைய ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ தெரியாது. ஒரு கொலை வழக்கு விசாரணைதான் நாவல். ஜூரி முறை இருந்த காலம். 1944-இல் நடந்த லட்சுமிகாந்தன் கொலையில் தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் எதிரான வழக்கை ஜூரி விசாரித்ததையும், கொலையான ஆளவந்தாரின் உடல் டிரங்குப் பெட்டியில் மானாமதுரை வரை ரயிலில் வந்து சேர்ந்த 1952-ஆம் வருடச் சங்கதியையும் ஜனங்கள் வாய் ஓயாமல் பேசிய காலமும் அதை ஒட்டியதுதான். அன்று கோர்ட் பெரிய வேடிக்கை. தேவன் அந்த வேடிக்கைக்குள் நம்மையும் உட்காரவைத்துவிடுகிறார்.

சுஜாதா வேறு மாதிரி. 1968-இல் குமுதத்தில் ‘நைலான் கயிறு’ தொடரில் வக்கீல் கணேஷ் தனியாக வந்தான். வசந்த் சேர்ந்துகொண்டது பிற்பாடுதான். கணேஷ் யோசிக்கிறான், வசந்த் வாயாடுகிறான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கோட்டு போட்ட இந்த இரண்டு பேரும் கோர்ட்டில் நிற்பதைவிட வெளியே துப்புத் துலக்க அலைவதுதான் அதிகம். சுஜாதா இன்ஜினியர், அவருக்குப் புதிர் முக்கியம். இங்கிலாந்தின் ஜான் மார்ட்டிமரோ பாரிஸ்டராகத் தொழில் செய்துகொண்டே எழுதியவர். அவருடைய கதை வக்கீல் ரம்போல் மலிவு சுருட்டு பிடிப்பான், வீட்டில் மனைவிக்கு நடுங்குவான், அரசுத் தரப்பில் ஒருநாளும் ஆஜராக மாட்டான். கோர்ட்டுக்குள் குப்பைகொட்டியவன் எழுதியது என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும்.

இந்த ருசி நமக்கு வெள்ளைக்காரன் கொடுத்தது என்று நினைக்க வேண்டாம். எங்கள் சித்தன்னவாசல் குகைக்கோயிலான அறிவர் கோயிலை முதலில் பல்லவன் மகேந்திரவர்மன் கணக்கில்தான் எழுதினார்கள். பிறகு அங்கேயே பாறையில் உள்ள கல்வெட்டு சாட்சிக்கு வந்தது. 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் கோயிலைப் புதுப்பித்ததை அது சொல்கிறது. தாமரைக்குள ஓவியமும் பாண்டியர் பக்கம் போயிற்று. இப்படி வழக்கில் தோற்றுப்போன அதே மகேந்திரவர்மன்தான் 7-ஆம் நூற்றாண்டில் சமஸ்கிருதத்தில் ‘மத்தவிலாசம்’ என்ற கேலி நாடகத்தை எழுதினான். காஞ்சியில் ஒரு காபாலிகனின் கபாலத்தைக் காணோம். குடித்துவிட்டு, ஒரு பௌத்த பிக்குவைப் பிடித்துத் திருடன் என்கிறான். விசாரணை, வாக்குவாதம், ஆளுக்கொரு தீர்ப்பு. கோர்ட்டுக்குப் போகலாம் என்ற பேச்சு வந்ததும், அவனோடு இருக்கும் பெண், விகாரத்தின் பணம் அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுமே என்கிறாள். கடைசியில் பார்த்தால், கபாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். ராஜாவே தன் ஊர் கோர்ட்டை இப்படிக் கிண்டலடித்திருக்கிறான்!

கட்சிக்காரர்களிடம் கேட்டால் இந்த ருசியின் நியாயம் புரியும். நிலத்தகராறில் அப்பா போட்ட வழக்கை மகன் நடத்துகிறான். கூண்டில் நிற்கிறவனுக்கு, பெரிய மனிதரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவே நாக்கு எழும்பாது. கதையில் ஒரு வக்கீல் அதே பெரிய மனிதரை நாலு கேள்வியில் திணறடித்தால், படிக்கிறவனுக்கு அது தன் வழக்கு ஜெயித்த மாதிரி.

எனக்கு ஒரு குறை. நான் படித்தவரை, நம்ம கோர்ட் கதைகள் பெரும்பாலும் சென்னை ஹைகோர்ட்டைச் சுற்றியே வருகின்றன. மாஜிஸ்திரேட் கோர்ட்டின் மகஜர் சாட்சியும், மரத்தடி மனு எழுதுகிறவரும், பிறழ்சாட்சி சொல்லிவிட்டு தன்னைக் கூப்பிட்ட வக்கீலிடமே பஸ்ஸுக்குக் காசு கேட்கிறவரும் இன்னும் நாவலில் ஏறவில்லை. எழுதத் தெரிந்த ஜூனியர் வக்கீல்களே, கேஸ் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களை மட்டும் மாற்றிவிடுங்கள். மற்றதை மாற்ற வேண்டியதில்லை.