வீரியம் வேறு, தரம் வேறு

விஸ்கியில் தண்ணீர் கலக்கிறவன் யார் என்பது அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். ஸ்காட்லாந்து தேசத்திலோ அது சட்டத்தையும் யுத்தத்தையும் தொட்ட கேள்வி. அங்கு வடிக்கப்படும் விஸ்கியில் பெரும்பகுதி, வியாபாரி கையாலேயே தண்ணீர் சேர்க்கப்பட்டு, நூற்றுக்கு 40 பாகமோ அதற்குச் சற்று மேலோ சாராயச் சத்துள்ளதாகப் புட்டியில் அடைபடுகிறது. அவ்விதம் இறக்கப்படாமல், பீப்பாயில் இருந்த பலத்தோடு அடைபடுவதே ‘காஸ்க் ஸ்ட்ரெங்த்’, அதாவது பீப்பாய் வீரிய விஸ்கி. மது அருந்துவது தகுமா என்பது வேறு வழக்கு. அதன் தரம் காண்பது எப்படி என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

சிங்கிள் மால்ட் என்பது ஒரே வாலைச்சாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, செம்பு வாலைகளில் வடிப்பது. 2009ம் வருஷத்துச் சட்டவிதிகளின்படி, அது ஸ்காட்லாந்திலேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் முதிர வேண்டும். சாதாரணமாக 63.5 பாக வீரியத்தில் பீப்பாயை நிரப்புகிறார்கள். வருஷத்துக்குச் சுமார் 2 பாகம் ஆவியாகிப் போகிறது. அந்நாட்டின் குளிர்ந்த ஈரக்காற்றில் வீரியமும் மெல்ல மெல்ல இறங்குகிறது. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத் திறந்தால் பெரும்பாலும் 55க்கும் 60க்கும் இடையில் நிற்கும்.

அப்படியானால் 40 என்ற எண் எங்கிருந்து வந்தது? முதல் மகாயுத்தத்தில் குடிவெறியை அடக்கும்பொருட்டு, 1917ல் பிரிட்டிஷ் சர்க்கார் மதுவை அந்த அளவுக்கு இறக்கி விற்கும்படி விதித்தது. யுத்தம் ஓய்ந்தது, எண் ஓயவில்லை. இன்று அதுவே சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவு. நாவைக் கேட்டு நிர்ணயித்த அளவன்று அது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1968ல் கிளென்பார்க்ளாஸ் சாலையார் 60 பாக வீரியத்தில் ‘105’ என்ற சரக்கை வெளியிட்டனர். பழைய ‘புரூப்’ கணக்கில் 105 என்பது 60க்குச் சமம்.

இனிப் பரீட்சை முறை. வாய் குறுகிய சிறு கண்ணாடிக் கிண்ணமே ஏற்றது. நிறத்தைக் கண்டு மயங்கலாகாது. கருக்கிய சர்க்கரைச் சாயம் சேர்க்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. மூக்கைக் கிண்ணத்துக்குள் நுழைத்தால் சாராய நெடி நாசியைச் சுட்டுவிடும். சற்றுத் தள்ளி நிறுத்தி, வாயை இலேசாகத் திறந்தபடி முகர வேண்டும். பிறகு ஒரு துளி நாவில் வைத்து, எரிச்சலுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும்: புகையா, பழமா, தேனா, வெறும் மரக்கசப்பா?

அடுத்துத் தண்ணீர். சில சொட்டுகளில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் முகர்ந்து ருசித்துச் செல்க. 60 பாகச் சரக்கு 30 மில்லியில் 15 மில்லி தண்ணீர் சேர்ந்தால் 40 ஆகும். தண்ணீர் கலப்பது கோழைத்தனம் என்போர் உண்டு. ஆனால் ஸ்காட்லாந்தின் கலவை நிபுணர்களே மாதிரிகளைச் சுமார் 20 பாகத்துக்கு இறக்கி முகர்ந்துதான் தீர்ப்புச் சொல்கிறார்கள். 2017ல் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் சர்வகலாசாலை விஞ்ஞானிகள் இருவர், கணினிக் கணக்கின் மூலம் இதற்குக் காரணம் காட்டினர். புகைமணம் தரும் குவையகால் என்னும் பொருள், மிகுந்த வீரியத்தில் சாராயத்தால் சூழப்பட்டு உள்ளே அடங்கிக் கிடக்கிறது. தண்ணீர் சேரச் சேர மேற்பரப்புக்கு வருகிறது.

ஆகவே 60 என்ற எண் தரத்துக்கு அத்தாட்சியன்று. எரிச்சலானது குற்றங்களை மறைக்கும். தண்ணீர் அவற்றை அம்பலப்படுத்தும். தண்ணீர் சேர்ந்தபின் மணம் விரிந்து, விழுங்கிய பின்னும் சுவை நின்றால் அது நல்ல சரக்கு. வெளிறிச் சிதறினால் விலை எதுவாயினும் விலக்கத் தக்கது. இன்னொன்றும் மறக்கலாகாது: 60 பாகத்தில் 25 மில்லி அருந்துவது, 40 பாகத்தில் 37.5 மில்லி அருந்துவதற்கு ஒப்பாகும். தண்ணீர்க் குவளையை வியாபாரி நம் கையில் கொடுத்துவிட்டான். இனி அளவுக்கும் தீர்ப்புக்கும் நாமே பொறுப்பாளிகள்.