பத்திரிகையாசிரியர் நிருவாகியானபோது

காலி வீதியிலே பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலைக் கடந்து செல்லும் நேயர்கள், 1958 மே மாத இறுதியில் இப்பகுதி எவ்வாறிருந்தது என்பதை முதியோர் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. றோயல் கல்லூரி அகதிகளின் புகலிடமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி யாழ்ப்பாணம் சென்றனர். மே 27ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கையும் வந்தது.

அக்காலத்தில் 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகையின் ஆசிரியராயிருந்தவர் தார்சி வித்தாச்சி. சிங்களவரான அவர், தம் பத்திரிகையில் அச்சிட இயலாதவற்றை நூலாக எழுதினார். 'எமர்ஜென்சி 58' என்னும் அந்நூல் அதே ஆண்டில் இலண்டனில் வெளியாயிற்று. மறு ஆண்டு, 1959இல், பிலிப்பைன்ஸ் நாட்டின் மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது.

கலவரத்தின்போது அவர் கண்ட உண்மை ஒன்று உண்டு. பாணந்துறையைச் சேர்ந்த சிங்கள ஆசிரியை ஒருத்தி மட்டக்களப்பிலே கொலையுண்டாள் என்று வதந்தி பரவிற்று. அத்தகைய ஆசிரியை ஒருத்தி இருந்ததேயில்லை. ஆயினும், அப்பொய்யை நம்பிய கூட்டம் பாணந்துறையில் இந்துக் குருக்கள் ஒருவரை எரித்துக் கொன்றது. மெய்ச்செய்தி சென்று சேராத இடத்திலே பொய்ச்செய்தி குடிபுகும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

பின்னர் வித்தாச்சி சர்வதேசப் பத்திரிகைக் கழகத்தின் ஆசியப் பணிப்பாளரானார். ஐக்கிய நாடுகள் சபை 1974ஆம் ஆண்டை உலக மக்கள்தொகை ஆண்டாகக் கொண்டாடியபோது, அப்பணியை நடத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1980இல் யுனிசெப் என்னும் சிறுவர் நிதியத்தின் துணைத் தலைமை நிருவாகியாகி, 1988 வரை பணிபுரிந்தார். அது இலாபம் தேடும் வணிக நிறுவனமன்று. ஆயினும் பணமும் ஆட்களும் கணக்கும் கொண்ட பெரும் நிறுவனமே.

எழுத்தாளருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். வயிற்றோட்டத்தால் நீரிழந்த குழந்தைக்கு, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமான ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகப் பருக்கினால் உயிர் பிழைக்க வழியுண்டு. இத்தகைய கரைசலின் பயன் 1971இல் வங்க அகதி முகாம்களிலேயே தெளிவாயிற்று. எனினும், அதன்பின்னரும் எத்தனையோ குழந்தைகள் மாண்டன. மருந்து அரிதன்று, விலையும் அதிகமன்று. தாயின் காதுக்குச் செய்தி எட்டவில்லை என்பதே குறை. 1982இல் யுனிசெப் தொடங்கிய சிறுவர் உயிர்காப்பு இயக்கம், தடுப்பூசி, தாய்ப்பால் ஆகியவற்றுடன் இக்கரைசலைப் பற்றிய செய்தியையும் வீடுதோறும் கொண்டுசெல்ல முயன்றது.

1993இல் மறைந்த வித்தாச்சி, பேனாவை விட்டு நிருவாகத்துக்குப் போனவர் என்று சிலர் கருதலாம். உண்மையில் அவர் தொழில் மாறவில்லை. கொழும்பிலே தடுக்கப்பட்ட செய்தியை உலகுக்குச் சொன்னவர், உலகம் அறிந்த செய்தியைக் குடிசைக்குச் சேர்க்க முனைந்தார். செய்தி தாமதித்தால் உயிர் போகும் என்பதை இரண்டு இடங்களிலும் அவர் கண்டார்.