உறக்க மருந்தும் அதன் அளவும்

அரபு மொழியில் ‘ஸஹர்’ என்னும் ஒலிப்புடைய சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று, நோன்பாளி உணவருந்தும் பின்னிரவுப் பொழுது. மற்றொன்று, உறக்கமின்றி விழித்துக் கிடக்கும் நிலை. அரபு எழுத்தில் இவ்விரண்டின் ‘ஹா’வும் வெவ்வேறு, தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. முதல் ஸஹர் வணக்கசாலிகள் விரும்பித் தேடுவது. இரண்டாவது யாரும் அழையாமல் வந்து சேர்வது. இரண்டாவதால் வருந்தி, முதலாவது வரும்வரை புரண்டு கிடப்போர் இன்று நம் மஹல்லாக்களில் பெருகி வருகின்றனர். அவர்களுள் பலர் கையில் உறக்க மாத்திரை இருக்கிறது.

பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணியில் இரவுக்குத் தறியோசை உண்டு. குழித்தறியில் அமர்ந்து, காலால் மிதித்து, நாடாவை ஓட்டி நெய்பவருக்குச் சேலை முடிந்த பின்னரே கூலி கைக்கு வரும். முகூர்த்த மாதங்கள் நெருங்கினால் வேலை நள்ளிரவைத் தாண்டும். விழித்திருக்கத் தேநீர் துணையாகும். முன்பணம் தீராத கவலையும் சேர்ந்துகொண்டால், உடல் களைத்திருந்தும் கண் மூடுவதில்லை. நெசவாளர்க்கு மட்டுமன்று, வணிகருக்கும் ஆசிரியருக்கும் வெளிநாட்டிலுள்ள மகனின் அழைப்புக்காகக் காத்திருக்கும் தாய்க்கும் இதுவே நிலை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மஹல்லாவில் நிகழ்ந்தது இது. எழுபதை நெருங்கிய பெரியவர் ஒருவர், மனைவி மறைந்தபின் இரவுறக்கம் இழந்தார். உறவினர் ஒருவர் இரக்கப்பட்டு, தமக்கு எழுதித் தரப்பட்ட மாத்திரை அட்டையிலிருந்து நான்கைக் கத்தரித்துக் கொடுத்தார். பெரியவர் பன்னிரண்டரை மணி வரை புரண்டு பார்த்துவிட்டு ஒன்றை விழுங்கினார். ஃபஜ்ர் பாங்கொலி கேட்டதும் நெடுநாள் பழக்கத்தால் எழுந்து பள்ளிவாசலுக்கு நடந்தார். ஹவ்ளின் படியில் கால் நிலைகொள்ளாமல் விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. மாத்திரை கொடுத்தவர் என்னிடம் வந்து, “நான் குற்றவாளியா, ஹஜ்ரத்?” என்று கேட்டார். அன்று நான் அளித்த விடை அரைகுறையானது. மார்க்கமும் மருத்துவமும் சேர்ந்து தரும் விடையை இங்கே எழுத முயல்கிறேன்.

மருந்துக்கு அனுமதி உண்டா?

திருக்குர்ஆன் உறக்கத்தை இறைவனின் சான்றுகளுள் ஒன்றாக எண்ணுகிறது (30:23). அதை ஓய்வாக ஆக்கியதாகவும் உரைக்கிறது (78:9). இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் உரிமை உண்டு என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். தொழுகையில் கண் அயர்பவர் உறக்கம் தெளியும்வரை படுத்துக்கொள்ளட்டும் என்று அறிவுறுத்தியதையும் ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். ஆகவே, உறக்கத்தை மீட்க முயல்வது பலவீனமன்று. உரிமையை அதற்கு உரியவரிடம் சேர்ப்பதாகும். “அமல் குறைந்ததால் தூக்கம் போயிற்று” என்று நோயாளியைப் பழிப்பது அறிவுமன்று, அன்புமன்று.

உறக்கமூட்டும் பொருள் போதைப்பொருளாகாதா என்று சிலர் ஐயுறுவர். ஹிஜ்ரி 684இல் (கி.பி. 1285) மறைந்த மாலிக்கி அறிஞர் இமாம் கராஃபி (ரஹ்) அவர்கள் ‘அல்ஃபுரூக்’ என்னும் நூலில் இதைப் பகுத்து விளக்கியுள்ளார்கள். களிப்பூட்டி அறிவை மறைப்பது ‘முஸ்கிர்’. புலன்களை மறைத்து உறங்கச் செய்வது ‘முர்கித்’. களிப்பின்றி அறிவைக் குலைப்பது ‘முஃப்ஸித்’. குகைவாசிகளின் உறக்கத்தைக் குறிக்கத் திருமறை ஆளும் சொல்லின் வேரிலிருந்தே ‘முர்கித்’ பிறந்தது. முஸ்கிர் சிறிதளவும் ஆகாது. முர்கித்துக்கு அச்சட்டம் இல்லை. ஷாஃபிஈ அறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்களும், அழுகிய உறுப்பை வெட்டியெடுக்க உணர்வை நீக்கும் மருந்து தேவைப்படும் நிலையை ஆராய்ந்து, அது கூடும் என்றே முடிவுரைக்கிறார்கள்.

ஆயினும், அனுமதியோடு ஃபிக்ஹு கலை நின்றுவிடுவதில்லை. தேவைக்காக ஆகுமாக்கப்பட்டது தேவையின் அளவோடு நிற்க வேண்டும் என்பது இமாம் ஸுயூத்தி (ரஹ்) போன்றோர் தொகுத்துத் தந்த அடிப்படை விதி. உறக்க மருந்தைப் பற்றி இன்றைய மருத்துவம் கூறும் எச்சரிக்கைகள் அனைத்தும் இந்த ஒரு விதியின் விரிவுரை எனலாம்.

அளவு என்பது யாது?

முதலாவது, ஆளுக்கேற்ற அளவு. 1903இல் வெளிவந்த பார்பிடல் முதலான பழைய மருந்துகளில், உறங்க வைக்கும் அளவுக்கும் உயிர் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. 1960இல் குளோர்டயஸிபாக்சைடும் 1963இல் டயஸிபாமும் வந்தபின் அவ்வாபத்து குறைந்தது. அல்பிரசோலாம், நைட்ரசிபாம் ஆகியன அதே இனத்தவை. ஸோல்பிடெம் பிற்பாடு வந்தது. இவையெல்லாம் மூளையில் அமைதிப்படுத்தும் பணியைச் செய்யும் ‘காபா’ என்னும் வேதிப்பொருளின் வலிமையைக் கூட்டுகின்றன. ஒருவருக்குப் பொருந்தும் அளவு மற்றொருவருக்குப் பொருந்தாது. ஸோல்பிடெம் பெண்களின் உடலிலிருந்து மெதுவாக நீங்குவதால், அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் பணித்தது. முதியோர்க்கு இம்மருந்துகளால் தடுமாற்றமும் மனக்குழப்பமும் எளிதில் உண்டாகும். அவர்களுக்கு இயன்றவரை தவிர்ப்பதே மருத்துவர் மரபு. குறட்டையோடு மூச்சுத் தடைப்படுவோர், நுரையீரல் நோயாளர், கர்ப்பிணிகள் ஆகியோர் தம் நிலையை மருத்துவரிடம் மறைக்கலாகாது.

இரண்டாவது, நேரத்தின் அளவு. மாத்திரை உண்டபின் ஏழெட்டு மணி நேரம் படுக்கைக்கென ஒதுக்கியிருக்க வேண்டும். இங்கேதான் நம் வாழ்க்கைமுறை குறுக்கிடுகிறது. நள்ளிரவு தாண்டி மாத்திரை உண்டு ஐந்து மணிக்கு எழுபவரின் குருதியில் மருந்து இன்னும் இருக்கும். அந்நிலையில் இருசக்கர வண்டி ஓட்டுவதும், படியிறங்குவதும், சரிகை இழையோடு தறியில் அமர்வதும் ஆபத்து. இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பதை நாம் அறிவோம். அந்த ஒழுங்கைப் பேணி, மருத்துவர் எழுதிய மாத்திரையை ஒன்பது மணிக்கு உண்டு படுப்பவருக்கு ஃபஜ்ருக்குள் எட்டு மணி நேரம் கிடைத்துவிடும். ரமளானில் தராவீஹுக்கும் ஸஹருக்கும் இடையே அவ்வளவு பொழுது கிடைப்பதில்லை. ஆதலால் மாதம் பிறக்குமுன்னரே மருத்துவரிடம் இதைச் சொல்லி மாற்று வழி கேட்டுக்கொள்ள வேண்டும். உறங்குபவர்மீது குற்றம் எழுதப்படுவதில்லை; தவறிய தொழுகையை விழித்ததும் நிறைவேற்ற வேண்டும். ஆனால் அன்றாடம் ஃபஜ்ர் தவறுமாயின், நேரமோ அளவோ பிழையென்று உணர்ந்து மருத்துவரிடம் செல்வதே கடமை.

மூன்றாவது, சேர்க்கையின் அளவு. மதுவோடு இம்மருந்து சேர்ந்தால் மூச்சு ஒடுங்கும். மது நமக்கு விலக்கப்பட்டதே என்று இருந்துவிடலாகாது. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலிநிவாரணி ஆகியவற்றுடன் சேர்ந்தாலும் அதே ஆபத்து நேரும். சளிக்கு உண்ணும் சில மாத்திரைகளும் மயக்கத்தைக் கூட்டும். உண்டுவரும் மருந்துகள் அனைத்தையும், யுனானி லேகியம் உட்பட, மருத்துவரிடம் காட்டுவது நலம். ஸோல்பிடெம் போன்றவற்றை உண்ட சிலர் உறக்கத்திலேயே எழுந்து நடந்ததும் வண்டி ஓட்டியதும் உண்டு; 2019இல் இதற்கென அமெரிக்காவில் மிகக் கடுமையான எச்சரிக்கை வெளியிடப்பட்டது. அவ்வாறு ஒருமுறை நிகழ்ந்தாலும் அம்மருந்தை மீண்டும் தொடலாகாது.

நான்காவது, நாட்களின் அளவு. பொதுவாகச் சில நாட்கள், மிகுந்தால் நான்கு வாரங்கள் என்பதே மருத்துவ நெறி. அதற்கு மேல் உடல் மருந்துக்குப் பழகிவிடும். அதே உறக்கத்திற்கு அதிக மருந்து கேட்கும். திடீரென நிறுத்தினால் முன்னைவிடக் கடுமையான உறக்கமின்மை திரும்பும். “மருந்தின்றி என்னால் உறங்க இயலாது” என்பதற்கு இதுவே சான்று என நோயாளி எண்ணுகிறார். உண்மையில் அது மருந்து விலகுவதன் விளைவு. பலகாலம் உண்டவர் சட்டென நிறுத்தினால் வலிப்பும் வரக்கூடும். அறுந்த பாவிழையை நெசவாளர் பொறுமையாகப் பிணைப்பதுபோல், மருத்துவரின் மேற்பார்வையில் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்தே விலக வேண்டும்.

மருந்துக்கு முன்

உறக்கமின்மை பெரும்பாலும் வேறொன்றின் அறிகுறி. சர்க்கரை நோயால் இரவில் பலமுறை எழுதல், மூட்டுவலி, தைராய்டு, மனச்சோர்வு, கடன் கவலை என மூலம் பலவாகும். மூலத்தைத் தேடாமல் மாத்திரை உண்பது, ஒழுகும் கூரையின் கீழ் பாத்திரம் வைப்பதற்கு ஒப்பாகும். உதுமானியர் 1488இல் எதிர்னே நகரில் எழுப்பிய மருத்துவமனையில் இசையும் நீரோசையும் சிகிச்சையாகப் பயன்பட்டதைப் பயணியார் எவ்லியா செலபி குறித்து வைத்துள்ளார். நாட்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் பழக்கவழக்கச் சிகிச்சையையே அளிக்க வேண்டுமென அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. அதன் சாரம் எளியது. என்று உறங்கினாலும் எழும் நேரம் மாறலாகாது. ஃபஜ்ர் நமக்கு அந்நேரத்தை நிலைநாட்டித் தந்துள்ளது. இருபது நிமிடம் ஆகியும் கண் அயராவிடில் படுக்கையை விட்டு எழ வேண்டும். கைப்பேசியைத் தொடாமல் இரு ரக்அத் தொழலாம், திக்ரு செய்யலாம். கைலூலா அரைமணிக்கு மிகலாகாது. அஸருக்குப் பின் தேநீர் வேண்டா. உளூவுடன் வலப்புறமாகச் சாய்ந்து, தஸ்பீஹ் ஓதிப் படுப்பது மருந்துக்கு எதிரானதன்று. இரண்டும் இறைவன் திறந்த வாயில்களே.

கொடுத்தவரின் கேள்வி

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்னும் நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய தொகுப்புகளில் உள்ளது. நாட்டின் சட்டமும் இதையே வேறு சொற்களில் கூறுகிறது. அல்பிரசோலாம், டயஸிபாம், நைட்ரசிபாம், ஸோல்பிடெம் ஆகியவை 2014 மார்ச் 1 முதல் ‘எச்1’ அட்டவணையில் உள்ளன. மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது. சீட்டு எழுதியவர், நோயாளி ஆகியோரின் பெயரையும் விற்ற அளவையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் காக்க வேண்டும். ஓர் அட்டையைக் கத்தரித்து அண்டை வீட்டாருக்கு நீட்டும்போது இக்காவல் முழுவதும் கலைந்துவிடுகிறது. நல்ல நிய்யத்து நன்மைக்குரியது. ஆனால் அது அறிவின் இடத்தை நிரப்பாது. மாத்திரை அட்டை, எழுதப்பட்டவருக்கு மட்டுமே உரிய அமானிதம்.

அவ்வமானிதம் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். மனமுடைந்தவர் இருக்கும் வீட்டில் வேறொருவர் அதைக் காத்து, ஒருநாளைக்குரியதை மட்டும் எடுத்துத் தரட்டும். ஒருவர் அளவுமீறி உண்டதாக ஐயம் எழுந்தாலும் காத்திராமல் 108க்கு அழைக்க வேண்டும். மனத்துயர் பகிர 14416 என்னும் அரசின் ‘டெலி மானஸ்’ எண் 2022 முதல் இயங்குகிறது.

பெரியவருக்கு எலும்பு கூடப் பல மாதங்கள் ஆயின. மாத்திரை கொடுத்தவரே ஒவ்வொரு முறையும் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வந்தார். உறங்காமைக்கு மூலம் தனிமைத்துயரே என்று அங்கேதான் கண்டறியப்பட்டது. இப்போது இஷாவுக்குப் பின் பேரப்பிள்ளைகளில் ஒருவர் அவரருகில் படுத்துக்கொள்கிறார். மாத்திரை இல்லை. எல்லா நாளும் நன்கு உறங்குவதில்லை; பெரும்பாலான நாட்கள் உறங்குகிறார். இரவை ஆடையாகவும் உறக்கத்தை ஓய்வாகவும் ஆக்கிய இறைவன், நம் அனைவரின் இரவுகளையும் அமைதியாக்கி அருள்வானாக!