ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கணுமா? வில் வேட்டையில் ஐந்து யார்டு கணக்கு

(இந்த வார எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எடுத்துக்கிட்ட கேள்வி அமெரிக்காவிலிருந்து வந்தது. பென்சில்வேனியாவுல வேலை பார்க்கிற ஒரு நேயர் இப்படிக் கேட்டிருக்கார்: "அண்ணா, ஆபீஸ் நண்பர்களோட முதல் தடவையா வில் வேட்டைக்குப் போறேன். ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிச்சாச்சு, காம்பவுண்ட் வில்லும் இருக்கு. எல்லாரும் லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குன்னு சொல்றாங்க. அது நிஜமாவே தேவையா, இல்ல இன்னொரு கேட்ஜெட்தானா?"

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை இருக்கு. அதனால இது அங்க லைசென்ஸ் எடுத்து, சீசன்ல, ஒயிட்டெயில் மானைத் தேடிப் போறவங்களுக்கான பேச்சு. வேட்டையே பிடிக்காதவங்களும் கேளுங்க, இதுல நல்ல இயற்பியல் இருக்கு.

அம்பு நேர்கோட்டுல போகாது

துப்பாக்கியோட ஒப்பிட்டா அம்பு ரொம்ப மெதுவானது. ஒரு நல்ல காம்பவுண்ட் வில்லிலிருந்து அம்பு நொடிக்குச் சுமார் 280 அடி வேகத்துல கிளம்பும். 30 யார்டு தூரம் போக அதுக்கு மூணுல ஒரு பங்கு நொடி ஆகும். (யார்டுன்னா நம்ம ஊர்த் துணிக்கடை கெஜம்தான், சுமார் 91 சென்டிமீட்டர்.) அந்த நேரத்துக்குள்ள புவியீர்ப்பு அம்பைக் கிட்டத்தட்ட 20 அங்குலம் கீழே இழுத்துடும்.

இதை ஈடுகட்டத்தான் வில்லுல இருக்கிற சைட்டுல 'பின்' வைக்கிறாங்க. 20 யார்டுக்கு ஒரு பின், 30க்கு ஒண்ணு, 40க்கு ஒண்ணு. தூரம் சரியாத் தெரிஞ்சா சரியான பின்னைப் பிடிக்கலாம். தப்பாத் தெரிஞ்சா?

இதே வேகத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 யார்டுல நிக்கிற மானை 20ன்னு நினைச்சு விட்டா அம்பு சுமார் 2 அங்குலம் கீழே போகும். 35ஐ 30ன்னு நினைச்சா சுமார் 4 அங்குலம். 45ஐ 40ன்னு நினைச்சா கிட்டத்தட்ட 5 அங்குலம். மூணுலயும் தப்பு அதே ஐந்து யார்டுதான். ஆனா தூரம் கூடக்கூட அதுக்கான தண்டனையும் கூடுது.

மானோட இதயமும் நுரையீரலும் இருக்கிற பகுதி சுமார் 8லிருந்து 10 அங்குல அகலம். நடுவுல குறி வச்சா மேலயும் கீழயும் 4, 5 அங்குலம்தான் இடம். அப்போ 20 யார்டுல ஐந்து யார்டு தப்பு பெருசா பாதிக்காது. 40 யார்டுல அதே தப்பு மானைச் சாகடிக்காம காயப்படுத்திடும். காயம்பட்ட மான் காட்டுக்குள்ள ஓடி, மணிக்கணக்கா துடிச்சு, யார் கண்ணுலயும் படாம செத்துப்போகலாம். நண்பர் வாங்கப்போற பெட்டியோட மதிப்பை இதை வச்சுத்தான் அளக்கணும்.

பெட்டிக்குள்ள என்ன நடக்குது

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் துடிப்பை அனுப்பி, அது பொருள்ல பட்டுத் திரும்பி வர்ற நேரத்தை இந்தக் கருவி அளக்குது. ஒளி ஒரு நானோ நொடியில சுமார் 30 சென்டிமீட்டர் போகும். 30 யார்டு போய்த் திரும்ப 180 நானோ நொடிதான் ஆகுது. அதை அளந்து, வகுத்து, தூரத்தைத் திரையில காட்டிடும்.

சிக்கல் எங்கன்னா, லேசருக்கு மானும் தெரியாது, மரமும் தெரியாது. முன்னாடி ஒரு கிளையோ உயரமான புல்லோ இருந்தா அதைத்தான் அளக்கும். மான் 32ல நிக்கும், திரை 19ன்னு காட்டும். அதனாலதான் வேட்டைக்கான மாடல்கள்ல கடைசியாப் பட்ட பொருளோட தூரத்தைக் காட்டுற மோட் வைக்கிறாங்க. கோல்ஃப் மாடல்ல இதுக்கு நேர்மாறு: முன்னாடி இருக்கிற கொடிக்கம்பத்தைப் பிடிச்சா போதும், பின்னாடி மரங்களை விட்டுடும். ஆஃபர்ல கிடைக்குதேன்னு கோல்ஃப் மாடலை எடுக்கிறதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

எதுக்குக் காசு கொடுக்கணும், எதுக்குக் கொடுக்கத் தேவையில்ல

பெட்டி மேல '1000 யார்டு' '2000 யார்டு'ன்னு பெருசாப் போட்டிருப்பாங்க. வில்லுக்கு அது வேண்டவே வேண்டாம், நீங்க 40ஐத் தாண்டப் போறதில்ல. துப்பாக்கிக்காரங்களுக்கான எண் அது.

அடுத்தது 'ஆங்கிள் காம்பென்சேஷன்'. மரத்து மேல உட்கார்ந்து கீழே விடும்போது கண்ணுக்கும் மானுக்கும் இடையில உள்ள சாய்வான தூரத்தைக் கணக்குல எடுக்கக் கூடாது, தரையில உள்ள கிடைமட்டத் தூரத்தைத்தான் எடுக்கணும். கேட்கப் பயமாத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பைதாகரஸைக் கூப்பிடுவோம். 20 அடி உயர மரமேடை, அடிமரத்திலிருந்து 20 யார்டுல மான். சாய்வுத் தூரம் 21 யார்டு. வித்தியாசம் ஒரே ஒரு யார்டு! சமவெளிக் காட்டுல மரமேடையில உட்கார்றவருக்கு இந்த வசதி இல்லாட்டியும் ஒண்ணும் குடிமுழுகாது. மலைச்சரிவுல கதையே வேற. 30 டிகிரி சரிவுல 40 யார்டு காட்டுச்சுன்னா, குறி வைக்க வேண்டியது 35க்கும் கொஞ்சம் குறைவாத்தான். ராக்கி மலைப்பக்கம் எல்க் வேட்டைக்குப் போறவங்க இந்த வசதிக்குத் தாராளமாக் காசு கொடுக்கலாம்.

நம்ம நண்பர் கண்டிப்பாப் பார்க்க வேண்டியது திரையை. மான் நடமாட்டம் அதிகம் இருக்கிறது விடியும்போதும் பொழுது சாயும்போதும். அந்த மங்கல் வெளிச்சத்துல கறுப்பு எழுத்துத் திரை இருட்டு மரத்தோட கலந்துடும், எண்ணே தெரியாது. சிவப்பு எழுத்தா ஒளிர்ற திரை இருந்தா நல்லது. கூடவே, ஒத்தைக் கையால சத்தமில்லாம அமுக்க முடியுதான்னும், ஐந்து, ஆறு யார்டு கிட்டத்துல இருக்கிறதையும் அளக்குதான்னும் பாருங்க. அடர்ந்த பனியிலயும் மழையிலயும் எந்த லேசரும் தடுமாறும், அதுக்கு விலை கூடின மாடலும் விதிவிலக்கு இல்ல.

வில்லோட சைட்டுலயே ரேஞ்ச்ஃபைண்டர் சேர்ந்து வர்ற மாடல்களும் இருக்கு. வில்லுல மின்னணுக் கருவி எதையும் பொருத்தக் கூடாதுன்னு சில மாநிலங்கள்ல விதி இருக்கு. மாநில அரசு வருஷா வருஷம் வெளியிடுற வேட்டை விதிப் புத்தகத்தைப் பார்த்துட்டு அப்புறம் ஆர்டர் போடுங்க.

இல்லாம சமாளிக்க முடியுமா?

முடியும். லேசர் வர்றதுக்கு முன்னாடியும் வில் வேட்டை இருந்துச்சே! ஒரே மேடையில உட்காரப் போறீங்கன்னா, முன்கூட்டியே போய் டேப் வச்சு நாலு திசையிலயும் 20, 30 யார்டு அளந்து, ஒரு கல்லோ மரத்துல ஒரு ரிப்பனோ அடையாளம் வச்சுடலாம். மான் அந்த ரிப்பனுக்கு உள்ளே வந்தா 20. அவ்வளவுதான்.

உண்மையில கருவி வச்சிருக்கிற அனுபவசாலிகளும் இதையேதான் பண்றாங்க. உட்கார்ந்த உடனே சுத்தி இருக்கிற மரங்களை அளந்து மனசுல வாங்கிடுவாங்க. மான் கண்ணு முன்னாடி வந்தப்புறம் கையைத் தூக்கிக் கருவியை முகத்துக்குக் கொண்டுபோனா அந்த அசைவே அதைக் கிளப்பிவிட்டுடும்.

கண்ணையும் பழக்கலாம். பார்க்குல நடக்கும்போது ஒரு பெஞ்சைப் பார்த்துத் தூரத்தை ஊகிங்க, அப்புறம் அடியெண்ணி நடந்து சரிபாருங்க. வேர்ல்டு ஆர்ச்சரியோட 3டி போட்டிகள்ல தூரத்தைச் சொல்லவே மாட்டாங்க, ரேஞ்ச்ஃபைண்டருக்கும் அனுமதி கிடையாது. அங்க வீரர்கள் கண்ணாலேயேதான் அளக்கிறாங்க.

எண் தெரிஞ்சா போதாது

கருவி 38ன்னு காட்டினா, '38தானே, விட்டுடலாம்'னு மனசு சொல்லும். இங்கதான் ஆபத்து. ஒலி நொடிக்குச் சுமார் 1100 அடி போகும், அம்பு 280தான். நாண் சத்தம் மானை முதல்ல போய்ச் சேர்ந்துடும். 30 யார்டுல மானுக்குக் கால் நொடி அவகாசம் கிடைக்குது. திடுக்கிட்ட மான் பாயறதுக்காக முதல்ல உடம்பைக் கீழே தாழ்த்தும். தூரம் துல்லியமா இருந்தும் அம்பு மேல போயிடும். இதை எந்த லேசராலும் திருத்த முடியாது.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. 9 அங்குலப் பேப்பர் பிளேட் ஒண்ணை மாட்டுங்க. எந்தத் தூரம் வரைக்கும் எல்லா அம்பும் பிளேட்டுக்குள்ளயே விழுதோ, அதுதான் உங்க எல்லை. அந்த எல்லை 20 யார்டா இருந்தா, ஒரே மேடையில உட்கார்றவரா இருந்தா, இந்த சீசனுக்கு டேப்பும் ரிப்பனும் போதும். மிச்சக் காசை அம்புக்கும் பயிற்சிக்கும் போடுங்க. 30, 40 வரைக்கும் நம்பிக்கையா விடுறவர், இல்ல தினமும் இடம் மாத்துறவர், இல்ல நடந்து தேடிப் போறவர்னா, வாங்குங்க. அந்தச் செலவுக்கு அர்த்தம் இருக்கு. மலைப்பகுதின்னா கோணக் கணக்கு இருக்கிற மாடலா வாங்குங்க.

ரெண்டுக்கும் நடுவுல இருந்தா, ஆபீஸ் நண்பர் ஒருத்தர்கிட்ட இரவல் வாங்கி ஒரு வாரம் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி, மரமேடையில ஏறப் போறீங்கன்னா முழு உடல் பாதுகாப்பு பெல்ட் வாங்கியாச்சான்னு பாருங்க. மேடையிலிருந்து விழுறது அங்க வேட்டைக்காரங்களுக்கு அடிக்கடி நடக்கிற விபத்து. பட்ஜெட்ல ஒண்ணுக்குத்தான் இடம் இருக்குன்னா, பெல்ட்டை எடுங்க, ரேஞ்ச்ஃபைண்டர் அடுத்த வருஷம் வரட்டும்.

அடுத்த வாரம் வேற ஒரு கேள்வியோட பார்ப்போம். உங்க கேள்விகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க.