கண்டியின் வாடகைக் கணக்கு எங்கே இருக்கிறது

கண்டியில் இரண்டு படுக்கையறைத் தொடர்மாடி வீட்டுக்கு மாத வாடகை எவ்வளவு, சென்ற ஆண்டில் எத்தனை மாடிக் குடியிருப்புகள் எழுந்தன என்ற விவரங்கள் வீடு தேடுபவருக்கும் காணி வைத்திருப்பவருக்கும் கடன் கொடுக்கும் வங்கிக்கும் தேவைப்படுகின்றன. இலங்கை மத்திய வங்கி வெளியிடும் காணி மதிப்பீட்டுச் சுட்டெண் கொழும்பு மாவட்டத்துக்கு உரியது. விளம்பர விலைகளைக் கொண்டு அது கணிக்கும் வீட்டு, தொடர்மாடிச் சுட்டெண்களும் கொழும்பையே அளக்கின்றன. கண்டியின் கணக்கோ மாநகர சபையிலும் காணிப் பதிவகத்திலும் புள்ளிவிபரத் திணைக்களத்திலும் பத்திரிகை விளம்பரங்களிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. இந்தப் பதிவேடுகள் எதுவும் வாடகையை அளப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. வரி அறவிடவும், உரிமையை நிலைநாட்டவும், கட்டடத்தின் பாதுகாப்பைச் சரிபார்க்கவும் எழுதப்பட்டவை. எந்த வேலைக்காக எழுதப்பட்டது என்று தெரிந்தால்தான் அதிலுள்ள எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது தெரியும்.

கொழும்பின் விலையில் ஒரு விகிதத்தைக் கழித்துக் கண்டிக்குப் பொருத்திப் பார்ப்பது பலர் செய்யும் தவறு. மலைகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள் இருக்கும் நகரம் இது. ஒருபுறம் ஹந்தானை, மறுபுறம் உடவத்தகலைக் காடு, சுற்றி வளைந்தோடும் மகாவலி. 1988இல் உலக மரபுரிமை நகரமானதால் தலதா மாளிகையைச் சுற்றிக் கட்டடங்களின் உயரத்துக்கும் தோற்றத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆகவே புதிய மாடிகள் அணிவத்தை, முல்கம்பொல, அருப்பொல, வத்தப்புளுவ போன்ற பகுதிகளை நோக்கியும், அதற்கும் அப்பால் குண்டசாலை, திகன பக்கமாகவும் நகர்கின்றன. வாடகைக்கு வருவோரும் வேறு வகையினர். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள், தேசிய வைத்தியசாலையின் மருத்துவர்களும் தாதியரும், பிள்ளையைப் பெரிய பாடசாலையில் சேர்க்க வந்த குடும்பங்கள் என்று அவர்களைப் பிரிக்கலாம். அவர்களில் மிகப் பலர் தொடர்மாடியில் அல்ல, அனெக்ஸிலும் மேல்மாடியிலும் போர்டிங் அறையிலும்தான் இருக்கிறார்கள். தொடர்மாடியை மட்டும் எண்ணினால் நகரத்தின் வாடகைச் சந்தையில் பாதிகூடக் கண்ணில் படாது.

கட்டுமானத்தின் முதல் தடயம் கட்டட அனுமதி. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகளின்படி, நகரப் பகுதிகளில் வரைபடம் அனுமதி பெற்ற பிறகே கட்ட வேண்டும். அனுமதிப் பதிவு ஒவ்வோர் உள்ளூராட்சி மன்றத்திலும் தனித்தனியாக இருக்கும். ‘கண்டி’ என்று பேச்சில் சொல்வது மாநகர சபை எல்லையோடு நிற்பதில்லை. கண்டி மாநகர சபையின் எண்ணிக்கையோடு குண்டசாலை, பாத்ததும்பறை, ஹாரிஸ்பத்துவ, யட்டிநுவர, உடுநுவர ஆகிய பிரதேச சபைகளின் எண்ணிக்கையையும் சேர்த்தால்தான் உண்மையான படம் கிடைக்கும். கட்டி முடிந்ததும் வழங்கப்படும் இணக்கச் சான்றிதழ் இரண்டாவது தடயம். அனுமதி பெற்றும் கட்டாமல் கிடப்பவை, பாதியில் நிற்பவை, சான்றிதழ் பெறாமலே குடியேறியவை எல்லாம் இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் அடங்கும். 2022 பொருளாதார நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் விலை ஏறியபோது தொடங்கிய வேலையை நிறுத்தியவர்கள் பலர். அனுமதிகளை மட்டும் எண்ணுபவருக்கு அது தெரியாது.

மலைச்சரிவில் இன்னொரு பதிவும் உதவும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை வேண்டும். கண்டியும் அவற்றில் ஒன்று. அந்த நிறுவனத்தின் அபாய வலய வரைபடத்தைக் காணி விலையோடு சேர்த்துப் படித்தால் ஒரு வளைவுக்கு இப்பாலும் அப்பாலும் பேர்ச் விலை ஏன் மாறுகிறது என்பது பல இடங்களில் விளங்கும். 2020 செப்டெம்பரில் பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடமொன்று பக்கத்து வீட்டின் மேல் சரிந்து, கைக்குழந்தை உட்பட மூவர் இறந்தனர். கண்டியில் கட்டட அனுமதிப் பதிவு என்பது சந்தைத் தகவல் மட்டும் அல்ல. அதைப் பொதுமக்கள் கேட்டுப் பார்ப்பது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம். கேட்பதற்கு வழியும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சபையின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, வட்டாரவாரியாக, மாடி எண்ணிக்கைவாரியாக, வழங்கிய அனுமதிகளைக் கோரலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைத் தெரிவிக்க வேண்டும். ‘வீடுகள் பற்றிய தரவு’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்த ஆண்டு, எந்த வட்டாரம், எந்தப் பதிவேடு என்று குறிப்பிட்டுக் கேட்கும் விண்ணப்பத்துக்கே பயனுள்ள பதில் வரும்.

தனித்தனியாக விற்கக்கூடிய தொடர்மாடி வீடுகளுக்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடி உரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி கூட்டாதன வரைபடம் காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். வீடுகளின் எண்ணிக்கையும் ஒவ்வொன்றின் சதுர அடியும் அந்த வரைபடத்தில் இருப்பதால், கட்டுநரின் விளம்பரத் தாளைவிட நம்பத்தக்கது அதுவே. இவ்வகைக் கட்டடங்களின் நிருவாகத்தைக் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை மேற்பார்வை செய்கிறது. ஒரே உரிமையாளர் கட்டி முழுவதையும் வாடகைக்கு விடும் மாடிகள் இந்தக் கணக்குக்குள் வராது.

ஏற்கெனவே இருக்கும் வீடுகளை அறியக் குடிசன, வீட்டு வசதிக் கணக்கெடுப்பு இருக்கிறது. 2012இலும், அடுத்ததாக 2024இலும் எடுக்கப்பட்டது. 2012 அட்டவணைகள் தனி வீடு, அனெக்ஸ், தொடர்மாடி, லயன் அறை என்று வகை பிரிப்பதோடு சொந்தமா, வாடகையா என்பதையும் காட்டுகின்றன. நகரம் அடங்கியிருக்கும் கங்கவட்ட கோரளைப் பிரதேச செயலகப் பிரிவை மாத்திரம் எடுத்துப் பார்க்க முடியும். குடும்பங்கள் வீட்டுக்குச் செலவிடும் தொகையை அறிய வருமான, செலவின ஆய்வை நாட வேண்டும். அது மாவட்ட அளவில் வருவதால் ஓர் ஆபத்து உண்டு. கண்டி மாவட்டச் சராசரிக்குள் அணிவத்தைத் தொடர்மாடியும் தோட்டத்து லயன் அறையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நகரத் துறை, கிராமியத் துறை, தோட்டத் துறை என்ற பிரிப்பைப் பார்க்காமல் மாவட்ட எண்ணை எடுத்தாள்வது தோட்ட மக்களுக்கும் நகர வாடகைக்காரருக்கும் ஒருசேர அநியாயம்.

வீட்டு வசதி பற்றி மக்களிடமே கேட்டறிந்த பழைய எடுத்துக்காட்டும் கண்டியிலேயே உண்டு. கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1950களின் பிற்பகுதியில் அரச ஊழியர்களுக்காக வத்தப்புளுவ வீடமைப்புத் திட்டத்தை வரைந்தபோது, குடியேறப் போகிறவர்களுக்கு வினாக்கொத்துக் கொடுத்து, அவர்களுடைய வாழ்க்கை முறையையும் வசதியையும் கேட்ட பின்னரே வீட்டு வகைகளைத் தீர்மானித்தார். ஒரு குடியிருப்பு அளவில் இத்தனை நுணுக்கமான விவரம் இன்றும் அரிதாகவே திரட்டப்படுகிறது.

தெருவளவுக்கு இறங்க மாநகர சபையின் ஆதன வரிப் பதிவேடு வேண்டும். வடக்கில் இதைச் சோலை வரி என்பார்கள். வீதிப் பெயர், வீட்டிலக்கம், கட்டடத்தின் தன்மை, அதன் ‘வருடாந்தப் பெறுமதி’ எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். அந்த ஆதனத்தை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய தொகைதான் வருடாந்தப் பெறுமதி. அதாவது நகரத்தின் ஒவ்வொரு கட்டடத்துக்கும் யாரோ ஒருவர் வாடகையைக் கணித்து எழுதி வைத்திருக்கிறார். மறுமதிப்பீடுகளுக்கு இடையில் ஆண்டுகள் கழிவதால் தொகை பழையதாகிவிடும். ஆனாலும் ஒரு வீதிக்கும் அடுத்த வீதிக்கும் உள்ள விகிதத்தைக் காட்ட இதைவிட நல்ல ஆவணம் கிடைப்பது கடினம்.

காணிப் பதிவகத்தில் உறுதிகள் இருக்கின்றன. முத்திரை வரி விலையின் மேல் அறவிடப்படுவதால் உறுதியில் எழுதும் தொகை கைமாறிய தொகையைவிடக் குறைவாக இருக்கலாம். வாடகை ஒப்பந்தங்களில் சிக்கல் இன்னும் அதிகம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் முற்பணம் வாங்கிக்கொண்டு சாதாரணத் தாளில் கையெழுத்திடுவதோடு பல ஒப்பந்தங்கள் முடிகின்றன. முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க வதிவிடச் சான்று தேவைப்படுவதால், பிரபல பாடசாலைகளைச் சுற்றிப் பதிவான குத்தகைகளை அந்தப் பகுதியின் இயல்பான வாடகையாகக் கொள்வது சரியல்ல. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புப் பெற்ற பழைய வாடகைக்காரர் செலுத்தும் தொகையையும் தனியே ஒதுக்க வேண்டும்.

இன்றைய நிலையைக் காட்டுபவை விளம்பரங்களே. இக்மன், லங்கா பிராப்பர்டி வெப் ஆகியவற்றிலும் ஞாயிறு பத்திரிகைகளிலும் வருவது கேட்கும் வாடகை. பேசி முடித்த வாடகை அல்ல. ஒரே வீட்டை மூன்று தரகர் மூன்று விலைக்குப் போட்டிருப்பார்கள். முகவரியையும் படங்களையும் ஒப்பிட்டு இரட்டிப்புகளை நீக்க வேண்டும். பிறகு சதுர அடிக்கு மாற்ற வேண்டும். 900 சதுர அடி வீட்டுக்கு 81,000 ரூபாயும், 1,200 சதுர அடி வீட்டுக்கு 96,000 ரூபாயும் கேட்டால், முன்னதில் சதுர அடிக்கு 90 ரூபாய், பின்னதில் 80. மொத்தத் தொகையில் மலிவாகத் தோன்றும் வீடுதான் அளவில் விலை கூடியது. தளபாடம், வாகனத் தரிப்பிடம், மாதப் பராமரிப்புக் கட்டணம், எத்தனை மாத முற்பணம் என்பவற்றையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். எசல பெரஹெராக் காலத்து நாள் வாடகை விளம்பரங்களை இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. சராசரியைவிட, வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் தொகையை எடுப்பது நல்லது. ஏரியைப் பார்த்த ஓர் ஆடம்பர வீடு சராசரியை உயர்த்திவிடும், நடுத்தொகையை அசைக்காது.

வேறு இடங்களில் இத்தகைய விவரங்கள் பொதுவில் கிடைக்கின்றன. சிங்கப்பூரில் முத்திரை வரிக்காகப் பதியும் வாடகை ஒப்பந்தங்களிலிருந்து அரசே கட்டடவாரியாக வாடகையை வெளியிடுகிறது. இங்கிலாந்தின் காணிப் பதிவகம் 1995 முதலான வீட்டு விற்பனை விலைகளை யாரும் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டின் இந்திய மனை வணிகச் சட்டப்படி கட்டுநர்கள் திட்டத்தைப் பதிந்து, வேலையின் நிலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்க வேண்டும். கண்டியில் உண்மை விலைகளைத் திரட்டி வைக்கும் வேலையை இப்போதைக்கு வங்கிகளுக்காக மதிப்பிடும் தொழில்முறை மதிப்பீட்டாளர்களே செய்கிறார்கள். அண்மையில் உண்மையில் கைமாறிய விலைகள் அவர்களுடைய கோப்புகளில் உண்டு. ஒரு குறிப்பிட்ட வீதியில் திரட்டிய விளம்பரத் தொகைகளோடு அந்தப் பகுதியில் வேலை செய்யும் மதிப்பீட்டாளரிடம் போனால், கேட்ட விலைக்கும் முடிந்த விலைக்கும் அங்கே வழக்கமாக எவ்வளவு இடைவெளி என்பதை அவரால் சொல்ல முடியும்.