அப்பாவை விழுங்கிய குழி பிள்ளையின் படிப்பையும் விழுங்க விடலாமா?

அந்த வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. அதற்குள் முதல் தகவல் அறிக்கையின் நகல், பிரேதப் பரிசோதனைச் சான்று, இறப்புச் சான்று, யார் யாரோ எழுதிக் கொடுத்த மனுக்கள். செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய இறங்கிய கணவர் திரும்பி வரவில்லை. அவரைத் தூக்க இறங்கிய கொழுந்தனாரும் திரும்பவில்லை. நாம் போயிருந்தபோது அந்த அம்மா கவரை நம் முன் வைத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பணம் வந்துச்சுங்க, கடனுக்கே போயிடுச்சு. புள்ளைங்க படிப்புக்கு ஏதாவது வழி இருக்கா?" மூத்த மகள் பத்தாம் வகுப்போடு மில்லுக்குப் போய்விட்டாள். சின்னவன் ஆறாம் வகுப்பு.

வழி இருக்கிறது. அது யாரும் போடும் பிச்சையல்ல, உரிமை. வீடு தேடி வந்து சொல்வார் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறோம்.

மலக்குழிச் சாவில் ஒன்றைக் கவனியுங்கள். 'மூவர் பலி' என்று செய்தி வரும்போது, பெரும்பாலும் ஒருவர் வேலைக்காக இறங்கியவர். மற்றவர்கள் அவரைக் காப்பாற்ற இறங்கியவர்கள். தீயணைப்பு வண்டி வருவதற்கு முன்பே விஷவாயுவுக்குள் குதிக்கிற அண்ணன், தம்பி, கூட்டாளிதான் அங்கே முதல் மீட்பர். ஆனால் அவருக்குச் சீருடை இல்லை, பதக்கம் இல்லை, 'பணியில் உயிர் நீத்தவர்' என்ற பெயரும் இல்லை.

இந்தப் பெயர் சாதாரணமானதல்ல. பிள்ளைகளின் படிப்பே அதில்தான் தொங்குகிறது. அமெரிக்காவில் 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டபோது தடுத்து நின்ற காவலர்களில் நால்வர் பின்னர் தற்கொலை செய்துகொண்டார்கள். அதுவும் பணியால் வந்த சாவுதான் என்று அவர்களின் குடும்பத்தினர் போராடினார்கள். 2022 ஆகஸ்டில் சட்டம் வந்தது. பணியில் பட்ட மனக்காயத்தால் உயிரை மாய்த்துக்கொள்ளும் காவலர், தீயணைப்பு வீரர், அவசர மருத்துவ ஊழியர் குடும்பங்களும் பணிச்சாவுக்கான உதவியைக் கோரலாம். அந்த உதவியில் பிள்ளைகளின் கல்விக்கான தொகையும் உண்டு. சாவை அரசு எந்தப் பெயரில் எழுதுகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நம் ஊருக்கும் இது பொருந்தும். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பில்லாமல் ஆளைக் குழிக்குள் இறக்குவதையே குற்றம் என்கிறது. 1993 முதல் இப்படி இறந்த அனைவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அது 30 லட்சமாக உயர்ந்தது. நிரந்தர ஊனம் என்றால் 20 லட்சம்.

அந்த 2023 தீர்ப்பில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இறந்தவர், ஊனமுற்றவர் ஆகியோரின் பிள்ளைகள் உருப்படியான கல்வி பெற, ஒன்றிய அரசு உதவித்தொகைகளை ஏற்படுத்த வேண்டும் என்கிறது தீர்ப்பு. வாரிசுக்கு வேலை, பிள்ளைகளுக்குக் கல்வி உள்ளிட்ட முழு மறுவாழ்வையும் அது வலியுறுத்துகிறது. நட்ட ஈடு கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று எந்த அலுவலகமும் சொல்ல முடியாது.

ஏற்கெனவே ஒரு திட்டம் இருக்கிறதே என்பார்கள். சுகாதாரக் கேடும் ஆபத்தும் மிக்க தொழில் செய்வோரின் பிள்ளைகளுக்கு 1 முதல் 10ஆம் வகுப்பு வரை ஒன்றிய அரசு உதவித்தொகை தருகிறது. வீட்டிலிருந்து வந்து படித்தால் ஆண்டுக்கு 3,500 ரூபாய், விடுதி மாணவருக்கு 8,000 ரூபாய். வருமான வரம்பு இல்லை. சாதி, மதமும் பார்ப்பதில்லை. கிறித்தவத்துக்கு மாறிய குடும்பங்களும் கேட்கலாம். ஆனால் திட்டத்தின் சொற்கள் அந்தத் தொழிலில் 'ஈடுபட்டிருக்கும்' பெற்றோரைப் பற்றியே பேசுகின்றன. இறந்துபோன தந்தைக்கு அந்தத் தொழில் சான்றை யார் தருவது? அதனால்தான் நீதிமன்றம் சொன்ன உதவித்தொகை தேவைப்படுகிறது.

இன்னொரு கதவும் உண்டு. பட்டியல் சாதியினரை இந்த வேலையில் இறக்குவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவில் குற்றம். 2016இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, வன்கொடுமையால் இறந்தவரின் மனைவிக்கு மாதம் 5,000 ரூபாயும் அகவிலைப்படியும் ஓய்வூதியம் உண்டு. பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை முழுக் கல்விச் செலவும் உண்டு. ஆனால் காவல் நிலையத்தில் 'கவனக்குறைவால் மரணம்' என்று மட்டும் எழுதிவிட்டால் இந்தக் கதவு திறக்காது. அந்த அம்மாவின் கவரில் இருந்த அறிக்கையும் அப்படித்தான் இருந்தது.

ஆகவே, இப்படிச் சாவு நடந்த ஊரில் முதல் சில நாட்கள் முக்கியம். முதல் தகவல் அறிக்கையின் நகல் குடும்பத்துக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டமும் வன்கொடுமைச் சட்டமும் அதில் இருக்கின்றனவா பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி மாவட்ட எஸ்.பி.க்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் மனு கொடுங்கள். தனியார் வீட்டுத் தொட்டி என்று தட்டிக் கழித்தால், செப்டிக் டேங்க் சாவையும் 2014 தீர்ப்பு சேர்த்தே சொல்கிறது என்று எடுத்துக் காட்டுங்கள். பிள்ளைகளின் படிப்புச் செலவைத் தனி மனுவாக எழுதி, பள்ளியில் வாங்கிய படிப்புச் சான்றோடு மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பட்டியல் சாதியினருக்கு வருமானம் பாராமல் இலவச உதவி கிடைக்கும். வன்கொடுமைப் புகாருக்கு 14566 என்ற எண்ணும் இருக்கிறது.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மனு எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தாலே பல வீடுகளின் கதை மாறும். உங்கள் பகுதியில் இப்படி ஒரு வீடு இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை போய் அந்தக் கவரை வாங்கிப் பிரித்துப் பாருங்கள்.

நாம் பார்த்த வீட்டில் இரண்டு மனுக்கள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். ஒன்று சின்னவனின் படிப்புக்கு. இன்னொன்று, மில்லுக்குப் போன மகளைப் பிளஸ் ஒன் சேர்ப்பதற்கு.